ஒரு தந்தியில் தொடங்கும் பாடம்

பாட்டு வகுப்பின் முதல் நாள். நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி நோட்டும் பேனாவுமாக வந்து உட்காருகிறார். ஆசிரியை நோட்டைத் திறக்கச் சொல்லவில்லை. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று கேட்கிறார். வந்தவருக்குக் கேள்வியே புரியவில்லை. "சரி, தெரிஞ்ச பாட்டு ஏதாவது ஒண்ணு பாடுங்க. குரல் மேலயும் கீழயும் சிரமப்படாம போகுதான்னு பாப்போம்" என்கிறார் ஆசிரியை. இரண்டு மூன்று முறை சுருதியை மாற்றி வைத்துப் பார்த்த பிறகு, "அஞ்சு கட்டை உங்களுக்குச் சௌகரியமா இருக்கு. இனிமே வீட்லயும் இதுலயே பாடுங்க" என்று முடிவு சொல்கிறார்.

கட்டை என்பது ஹார்மோனியத்தின் கட்டை. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடையில் வரும் கருப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்று சொல்வது நம் வழக்கம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கருப்புக் கட்டை கிடையாது. அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்வதில்லை. ஆண்குரல் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்குரல் ஐந்து கட்டையை ஒட்டியும் அமையும். ஒரு கட்டையில் பாடும் ஆணின் 'ச' நொடிக்குச் சுமார் 131 அதிர்வுகள். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் 'ச' 196 அதிர்வுகள். இரண்டும் 'ச'தான்.

இசை இலக்கணத்தின் முதல் பாடம் இந்தக் கேள்வியிலேயே அடங்கிவிட்டது. 'ச' என்பது ஒரு குறிப்பிட்ட ஒலியின் பெயராக இல்லை. பாடுகிறவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடமே 'ச'. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கின்றன.

இசை கற்க ஆசைப்பட்டு இலக்கணப் புத்தகம் வாங்குகிறவர்களில் பலர் பத்தாவது பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். 7 ஸ்வரங்கள், 12 ஸ்வரஸ்தானங்கள், 16 பெயர்கள், 22 சுருதிகள், 35 தாளங்கள், 72 மேளகர்த்தாக்கள் என்று எண்கள் வரிசையாக வந்து மிரட்டுகின்றன. ஆனால் இந்த எண்களை யாரும் வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. ஒரு தந்தியை மீட்டிக் காது கேட்டதை மனிதர்கள் எண்ணி வைத்தார்கள், பெயர் வைத்தார்கள். அந்தத் தந்தியிலிருந்தே நாமும் தொடங்கலாம்.

பாதியில் கேட்கும் ஒலி

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்குச் சுரமானி நினைவிருக்கும். நீண்ட மரப்பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, கம்பிக்கு அடியில் நகர்த்தக்கூடிய இரண்டு முனைகள். கம்பியின் மேல் ஒரு சிறு காகிதத் துண்டை மடித்து வைப்போம். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் ஊன்றும்போது, கம்பியின் நீளம் சரியாக அமைந்துவிட்டால் காகிதம் துள்ளி விழும். தேர்வுக்காகச் செய்த அந்தச் சோதனைக்குள்தான் நம் ஸ்வரங்கள் எல்லாம் இருந்தன.

கம்பியின் நீளம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மீட்டினால் வரும் ஒலியை 'ச' என்போம். முனையை நகர்த்தி நீளத்தை 30 செ.மீ. ஆக்கி மீட்டுங்கள். ஒலி உயர்ந்துவிட்டது, ஆனால் கேட்பவருக்கு அதுவும் 'ச' என்றே படும். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடும்போது இருவர் குரலும் வேறு வேறு உயரத்தில் இருந்தாலும் பாட்டு ஒன்றாகவே கேட்கிறதல்லவா, அதைப் போல. நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். இந்த இரட்டிப்புக்குப் பெயர்தான் ஸ்தாயி. வீணையில் பன்னிரண்டாவது மெட்டு தந்தியைச் சரிபாதியாக்கும் இடத்தில் இருக்கிறது. மொத்தம் 24 மெட்டுகள், அதாவது இரண்டு ஸ்தாயிகள்.

இப்போது முனையை 40 செ.மீ.யில் வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு. வருவது பஞ்சமம், 'ப'. அதிர்வெண் ஒன்றரை மடங்கு. 45 செ.மீ.யில் வைத்தால் சுத்த மத்தியமம், 'ம'; நான்கில் மூன்று பங்கு. 48 செ.மீ.யில் வைத்தால் அந்தர காந்தாரம், 'க'. ஐந்தில் நான்கு பங்கு. காதுக்கு இதமாகச் சேரும் ஸ்வரங்கள் எல்லாம் சின்னச் சின்ன எண்களின் விகிதத்தில் அமைகின்றன. ஏன் அப்படி?

தம்புராவில் மறைந்திருக்கும் காந்தாரம்

ஒரு தந்தியை மீட்டினால் அது ஒரே ஒரு விதமாக அதிர்வதில்லை. முழு நீளமும் அசையும்போதே, இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்காகவும், ஐந்தாகவும் சேர்ந்தே அதிர்கிறது. முழுத் தந்தி நொடிக்கு 240 முறை அதிர்ந்தால், அதனுடன் 480, 720, 960, 1200 ஆகிய அதிர்வுகளும் மெலிதாகக் கலந்து வரும். இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். 480 மேல் ஸ்தாயி 'ச'. 720 அதற்கும் மேலுள்ள 'ப'. 960 மறுபடியும் 'ச'. 1200 அந்தர காந்தாரம்.

தம்புராவின் நான்கு தந்திகளை மந்தர பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தர ஷட்ஜம் என்று சேர்ப்பது வழக்கம். 'ப', 'ச', 'ச', கீழ் 'ச'. காந்தாரத்துக்கென்று அதில் தந்தியே கிடையாது. ஆனாலும் நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவுக்கு அருகில் கண்மூடி அமர்ந்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு காந்தாரம் மிதந்து வருவது கேட்கும். மந்தர 'ச'வின் ஐந்தாவது பங்கு அது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் மெல்லிய நூல் இந்த மேற்சுரங்களை இன்னும் தெளிவாக எழுப்புகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் தம்புரா, வீணை ஆகியவற்றின் இந்த ஒலிநுட்பத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அவர் மிருதங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக வராது, 1.59, 2.14 என்று ஒட்டாமல் வரும். அதனால்தான் பல நாட்டுத் தோல்கருவிகளில் ஓசை கேட்கிறது, ஸ்வரம் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் வட்டமாகப் பூசும் கரிய கரணை அந்தத் தோலின் எடையை நடுவில் கூட்டுகிறது. மேற்சுரங்கள் முழு எண் மடங்குகளுக்கு நெருங்கி வந்து நிற்கின்றன. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள். மிருதங்கத்தைப் பாடகரின் 'ச'வுக்குச் சுருதி சேர்க்க முடிவது இந்தக் கரணையால்தான்.

விம்மல் அடங்கும் இடம்

'சுருதி சேரவில்லை' என்று ஆசிரியர் சொல்லும்போது புதிதாகக் கற்பவர் தவிக்கிறார். சேர்ந்ததா இல்லையா என்பது தனக்கு எப்படித் தெரியும்? இதற்கு இயற்பியல் ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது.

இரண்டு தந்திகளில் ஒன்று 240 முறையும் மற்றொன்று 242 முறையும் அதிர்ந்தால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி நொடிக்கு இரண்டு முறை பெருகிப் பெருகி அடங்கும். பாடப் புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பெயர். வித்தியாசம் நான்கு என்றால் நான்கு விம்மல். ஒன்று என்றால் ஒரே விம்மல். தம்புராவைச் சேர்ப்பவரின் விரல்களைக் கவனியுங்கள். முதலில் பிருடையைத் திருகுவார்; 'வ்வா வ்வா வ்வா' என்று தந்தி நடுங்கும். பிறகு மணியை மயிரிழை நகர்த்துவார், நடுக்கம் மெதுவாகும். இன்னும் கொஞ்சம் நகர்த்துவார்; நடுக்கம் நீண்டு, தேய்ந்து, நின்றுவிடும். அந்த இடத்தில் அவர் கையை எடுத்துவிடுவார்.

உங்கள் குரலுக்கும் இதே அளவுகோல்தான். சுருதிப் பெட்டியுடன் 'ச' என்று நீட்டிப் பாடும்போது ஏதோ உரசுவதுபோல் இருந்தால் சேரவில்லை. குரல் பெட்டிக்குள் கரைந்து, தனியாகக் கேட்காமல் போனால் சேர்ந்துவிட்டது. இதை உணரச் சங்கீத ஞானம் முன்கூட்டியே வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

ஏழும் பன்னிரண்டும்

'ச'விலிருந்து 'ப' எவ்வளவு இயல்பாகச் சேர்கிறது என்று பார்த்தோம். அந்தப் 'ப'வையே புதிய 'ச' என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு 'ப' கண்டுபிடித்தால் என்ன? 240க்கு 360. 360க்கு 540, அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் 270, அது சதுச்ருதி ரிஷபம், 'ரி'. அதற்கு 405, சதுச்ருதி தைவதம், 'த'. அதற்கு 607.5, இறக்கினால் 303.75, அந்தர காந்தாரம். இதுவரை கிடைத்த ஐந்தையும் வரிசையாக அடுக்குங்கள்: ச, ரி, க, ப, த. இது மோகன ராகம்! இன்னும் இரண்டு அடி போனால் காகலி நிஷாதமும் பிரதி மத்தியமமும் கிடைக்கும். ஏழையும் அடுக்கினால் கல்யாணி.

தமிழர்கள் இந்தப் பயணத்தை வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை நம் ஏழு ஸ்வரப் பெயர்கள். குரலுக்கு ஐந்தாவதாக வரும் இளியே பஞ்சமம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், ஆயர்குலப் பெண் மாதரி ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி, இந்த ஏழு பெயர்களையே அவர்களுக்கு இடுகிறாள். ஸ்வரங்களை வட்டமாக நிறுத்தியது வெறும் அழகுக்காக இல்லை. பன்னிரண்டு இராசிகள் கொண்ட வட்டத்தில் ஏழு ஸ்வரங்களையும் வைத்து, தொடங்கும் இடத்தை மாற்றி மாற்றிப் புதிய பண்களைப் பிறப்பித்தார்கள். இன்று அதைக் கிரக பேதம் என்கிறோம். மோகனத்தின் ரிஷபத்தை 'ச' ஆக்கினால் மத்தியமாவதி. காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம். பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி. தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி.

வீட்டில் கீபோர்டு இருந்தால் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். கருப்புக் கட்டைகளை மட்டும், மூன்றாகச் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் முதல் கட்டையிலிருந்து வாசித்துப் போங்கள். மோகனம் கேட்கும். அதே கருப்புக் கட்டைகளை அடுத்த கட்டையிலிருந்து தொடங்கி அங்கேயே வந்து முடித்தால் மத்தியமாவதி. கட்டைகள் மாறவில்லை, வீடு மட்டும் மாறியது.

பன்னிரண்டு என்ற எண்ணும் இந்தப் பயணத்தில்தான் கிடைக்கிறது. பஞ்சமத்துக்குப் பஞ்சமமாகப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தால், ஏறக்குறைய புறப்பட்ட 'ச'வுக்கே திரும்பி வந்துவிடுகிறோம். ஆகவே ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு இடங்கள். ஆனால் 'ஏறக்குறைய' என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் வட்டம் மூடியிருக்கும். 240இல் புறப்பட்டவர் 243.3இல் வந்து நிற்கிறார். நொடிக்கு மூன்று விம்மல். இந்தச் சின்ன இடைவெளியை யாராலும் நீக்க முடியாது. அது எண்களின் இயல்பு.

காந்தாரத்துக்கும் இரண்டு இடங்கள் வந்துவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். மேற்சுரத்தின் வழியே வந்த 1200ஐ இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் 300. பஞ்சமப் பயணத்தின் வழியே வந்தால் 303.75. ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள் என்று நூற்றாண்டுகளாக நடக்கும் விவாதத்தின் வேர் இதுதான். தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலில், 22 சுருதிகள் என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதிட்டார். கீபோர்டு செய்பவர்கள் வேறு வழி எடுத்தார்கள்: பன்னிரண்டு இடங்களையும் சமமான விகிதத்தில் பங்கிட்டுவிட்டார்கள். அதில் காந்தாரம் 302.4. கீபோர்டின் காந்தாரத்தைக் கேட்டுப் பழகியவர் தம்புராவின் முன் பாடும்போது ஏதோ உறுத்துவதற்குக் காரணம் இதுவே. கற்கத் தொடங்கும்போது கீபோர்டைவிடத் தம்புராவை நம்புவது நல்லது.

முதல் வரியில் உள்ளது

இனி வகுப்புக்குத் திரும்புவோம். சுருதி சேர்ந்த பிறகு ஆசிரியை சொல்லித்தருவது சரளி வரிசை. மாயாமாளவகௌளை ராகத்தில், ஆதி தாளத்தில், ச ரி க ம ப த நி ச. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் இந்தப் பாடமுறையை வகுத்தார் என்பது மரபு.

ஏன் இந்த ராகம்? இடைவெளிகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில், ச-விலிருந்து ரி ஒரு அடி. ரி-யிலிருந்து க மூன்று அடி. க-விலிருந்து ம ஒரு அடி. பிறகு ப-வுக்கு இரண்டு அடி. மறுபடியும் ஒன்று, மூன்று, ஒன்று. கீழ்ப் பாதியில் கற்றதையே மேல் பாதியில் திரும்பப் பாடுகிறோம். சின்ன அடியும் பெரிய அடியும் மாறி மாறி வருவதால் ஒவ்வொரு ஸ்வரமும் பக்கத்து ஸ்வரத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிகிறது. தம்புராவே பாடிக்காட்டும் அந்தர காந்தாரம் இதில் இருக்கிறது. 240ஐ 'ச' என்று வைத்தால் இந்த ராகத்தின் ஸ்வரங்கள் 240, 256, 300, 320, 360, 384, 450, 480 என்று முழு எண்களாகவே அமைகின்றன.

தாளத்தைப் பாருங்கள். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பின் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். இது நான்கு எண்ணிக்கை கொண்ட லகு. பிறகு தட்டும் வீச்சும், தட்டும் வீச்சும், இரண்டு துருதங்கள். 'ச ரி க ம' லகுவிலும், 'ப த' முதல் துருதத்திலும், 'நி ச' இரண்டாவதிலும் அப்படியே பொருந்துகின்றன. ராகத்தின் கீழ்ப் பாதி முடியும் இடத்தில் லகுவும் முடிகிறது.

பிறகு இதையே மூன்று காலத்தில் பாட வேண்டும். முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. பாடும் வேகம் இரட்டிப்பானாலும் கையின் வேகம் மாறக்கூடாது. கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வாய் ஓடும்போது கையும் கூடவே ஓடிவிடும். கை நிலையாக நிற்கப் பழகியவருக்கு லயத்தின் பாதி வந்துவிட்டது.

எழுபத்திரண்டு எப்படி வந்தது

மிரட்டிய எண்களில் பெரியதை இப்போது அவிழ்த்துவிடலாம். 'ச'வும் 'ப'வும் அசையாதவை. அவற்றுக்கு இடையே மத்தியமத்துக்கு இரண்டு இடங்கள். ரி, க இரண்டுக்கும் சேர்த்து நான்கு இடங்கள். நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள். த, நி இரண்டுக்கும் அதேபோல் ஆறு வழிகள். ஆறை ஆறால் பெருக்கினால் 36. இரண்டு மத்தியமங்களுக்கும் சேர்த்து 72 ஏழு ஸ்வர வரிசைகள், அவையே மேளகர்த்தாக்கள். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையைச் சேர்ந்த வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் போட்ட கணக்கு இது. அவர் காலத்தில் இந்த 72இல் பெரும்பாலானவற்றை யாரும் பாடியிருக்கவில்லை. இப்படி ஒரு ராகம் இருக்க இடம் உண்டு என்று கணக்கு முதலில் சொன்னது. பாடகர்கள் பின்னால் போய் அந்த இடங்களில் குடியேறினார்கள்.

ஆனால் மேளகர்த்தா ஒரு முகவரி மட்டுமே. ராகம் அந்த வீட்டில் வாழும் ஆள். தோடியின் காந்தாரத்தைக் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திக் கொண்டுவர முடியாது. அது பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டுத் தொட்டு அசைகிற ஒரு இயக்கம். அந்த அசைவைக் கமகம் என்கிறோம். அதைப் புத்தகத்தில் விளக்கலாம். கற்றுக்கொள்வது ஆசிரியரின் குரலிலிருந்துதான். இலக்கணத்தின் எல்லை எங்கே என்று தெரிந்துகொள்வதும் இலக்கணப் பாடத்தில் ஒரு பகுதி.

இசை கற்க வயது ஒரு தடை என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேளகர்த்தா அட்டவணையை மனப்பாடம் செய்ய அவசரப்படாதீர்கள். உங்கள் கட்டை எது என்று ஓர் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் சுருதியைப் போட்டுவிட்டு, 'ச' என்று மூச்சு முட்டும்வரை நீட்டிப் பாடுங்கள், பிறகு 'ப', பிறகு மேல் 'ச'. உரசல் அடங்கிக் குரல் சுருதிக்குள் கரையும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் நீங்கள் ஏற்கெனவே கேட்ட ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.